பயிலரங்குக்கு முன் உங்கள் மடிக்கணினியில் பைத்தான்

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு,

வணக்கம். சனிக்கிழமைப் பயிலரங்குக்குப் பதிவு செய்தவர்கள் பைத்தான் நிரல்மொழியை வீட்டிலேயே நிறுவிக்கொண்டு வரும்படி கேட்டுக்கொள்கிறோம். எல்லாரும் ஒரே வைஃபையில் ஒரே நேரத்தில் நம்பை, பாண்டாஸ் லைப்ரரிகள் (ஆயத்த நிரல் தொகுப்புகள்), ஜூபிட்டர் (நிரல் எழுதி ஓட்டும் செயலி) என்று இறக்கத் தொடங்கினால் காலைப்பொழுது அதிலேயே கரைந்துவிடும். தட்டச்சு செய்யவேண்டிய கட்டளைகள் இணைப்புத் தாளில் உள்ளன. எங்கே சிக்கும், ஏன் சிக்கும் என்பதற்குத்தான் இந்த மடல்.

நிறுவ வேண்டியது பைத்தான் 3.12.10, 64 பிட். இதைவிடப் புதிய பதிப்புகள் உண்டு. ஆனால் ஒரு பதிப்பு வந்த கையோடு எல்லா லைப்ரரிகளுக்கும் அதற்கேற்ற வீல் கோப்பு (அப்படியே நிறுவக்கூடிய ஆயத்தப் பொதி) வந்துவிடுவதில்லை. வீல் கிடைக்காவிட்டால் பிப் (லைப்ரரிகளை நிறுவும் கருவி), மூல நிரலை இறக்கி உங்கள் கணினியிலேயே கம்பைல் செய்யப் (இயங்கும் வடிவத்துக்கு மாற்றப்) பார்க்கும். விண்டோஸில் அது பெரும்பாலும் 'மைக்ரோசாஃப்ட் விஷுவல் சி++ 14.0 தேவை' என்ற பிழையில் போய் நிற்கும். 3.12 வரிசையில் விண்டோஸ் இன்ஸ்டாலரோடு வந்த கடைசிப் பதிப்பு 3.12.10தான்.

இன்ஸ்டாலரின் முதல் திரையில், அடியில், பைத்தானைப் பாத்-இல் (கட்டளைகளை விண்டோஸ் தேடும் இடங்களின் பட்டியலில்) சேர்க்கச் சொல்லும் கட்டம் ஒன்று இருக்கும். அதை டிக் செய்த பிறகே அடுத்த பொத்தானை அழுத்துங்கள். விட்டுவிட்டால், கட்டளைச் சாளரத்தில் பைத்தான் (python) என்று அடித்ததும் மைக்ரோசாஃப்ட் ஸ்டோர் திறந்துகொள்ளும். அப்படி நேர்ந்தால் இன்ஸ்டாலரை மறுபடி ஓட்டி 'மாடிஃபை' வழியாகச் சேர்த்துவிடலாம்.

அடுத்தது வென்வ், அதாவது லைப்ரரிகளைத் தனியாக வைத்துக்கொள்ளும் பைத்தான் சூழல். சி டிரைவில், இடைவெளியில்லாத ஆங்கிலப் பெயரில் ஒரு ஃபோல்டர் திறந்து அதற்குள் உருவாக்குங்கள். டெஸ்க்டாப் வேண்டாம், பல கணினிகளில் அது ஒன்டிரைவோடு இணைந்திருக்கும், வென்வின் ஆயிரக்கணக்கான சின்னக் கோப்புகளையும் அது மேலேற்றத் தொடங்கிவிடும். வென்வை ஆக்டிவேட் செய்யும்போது ஸ்கிரிப்ட் ஓட்ட அனுமதியில்லை என்று பவர்ஷெல் (விண்டோஸின் ஒரு கட்டளைச் சாளரம்) மறுத்தால், இன்னொரு கட்டளைச் சாளரமான கமாண்ட் பிராம்ப்டில் செய்யுங்கள். வரியின் தொடக்கத்தில் அடைப்புக்குறிக்குள் வென்வின் பெயர் தெரியவேண்டும். தெரியாமல் பிப்பை ஓட்டாதீர்கள். உருவாக்கிய வென்வை வேறு இடத்துக்கு நகர்த்தவும் கூடாது. முழுப் பாதையும் உள்ளே எழுதப்பட்டிருப்பதால் உடைந்துவிடும். அழித்துவிட்டுப் புதிதாக உருவாக்குவதே நல்லது.

விண்டோஸுக்குப் பதில் உபுண்டு (லினக்ஸ் வகை) 24.04 வைத்திருந்தால், அதில் பைத்தான் 3.12 ஏற்கெனவே இருக்கிறது; வென்வ் பொதியை மட்டும் ஆப்ட் (உபுண்டுவில் பொதிகளை நிறுவும் கருவி) வழியாகச் சேருங்கள்.

நிறுவிய பிறகும் 'மாட்யூல் நாட் ஃபவுண்ட்' வந்தால், விஎஸ் கோட் (நிரல் எழுதும் செயலி) வேறொரு பைத்தானைப் பிடித்திருக்கிறதா என்று முதலில் பாருங்கள். கண்ட்ரோல், ஷிஃப்ட், பி (P) மூன்றையும் சேர்த்து அழுத்தி, இன்டர்பிரெட்டரைத் (நிரலை ஓட்டும் பைத்தானைத்) தேர்ந்தெடுக்கும் கட்டளையில் உங்கள் வென்வைக் காட்டுங்கள். உங்கள் கோப்புக்குப் பாண்டாஸ் என்றே பெயர் வைத்தாலும் சிக்கல்தான்: லைப்ரரிக்குப் பதில் உங்கள் கோப்பையே பைத்தான் இறக்குமதி செய்யும்.

இத்தனைக்கும் பிறகு ஓடவில்லை என்றால், பிழைச்செய்தியின் கடைசி வரி தெரியும்படி ஸ்க்ரீன்ஷாட் எடுத்து வியாழன் மாலைக்குள் இந்த மடலுக்கே பதிலாக அனுப்புங்கள். வீல்கள் ஏற்றிய பென்டிரைவ்கள் அரங்கில் இருக்கும். அவை விண்டோஸ் 64 பிட், பைத்தான் 3.12 இரண்டும் உள்ள கணினியில் மட்டுமே வேலை செய்யும்.

அன்புடன்,
பயிற்சிக் குழு