அக்டோபர் 2 கிராம சபையில் புயலுக்கும் ஒரு தீர்மானம் வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஆண்டுதோறும் வடகிழக்குப் பருவமழை நெருங்கும் வேளையில், மாவட்ட அளவில் முன்னெச்சரிக்கை ஆய்வுக்கூட்டம் நடைபெற்றதாகத் தங்கள் நாளிதழில் செய்தி வெளியாகிறது. மணல் மூட்டைகளும் படகுகளும் தயாராக இருப்பதையும், அவசரத் தேவைக்கு 1077 என்ற எண்ணை அழைக்கலாம் என்பதையும் அச்செய்திகளில் படிக்கிறோம். அந்தக் கூட்டங்கள் தேவையானவையே. ஆனால் புயல் கரை கடந்த மறுநாள் காலையில் மாவட்டத் தலைநகரிலிருந்து ஊருக்கு வரும் சாலையில் மரங்கள் விழுந்து கிடக்கும். கைப்பேசிக் கோபுரமும் செயலற்றிருக்கும். அந்த நேரத்தில் 1077 என்ற எண்ணால் எங்களுக்கு ஆகப்போவது ஒன்றுமில்லை. அந்தச் சில நாள்களுக்கான ஆயத்தத்தை ஊர்தான் செய்துகொள்ள வேண்டும் என்பதையும், அதற்கு உரிய இடம் அக்டோபர் 2 அன்று கூடும் கிராம சபைதான் என்பதையும் வலியுறுத்தவே இதை எழுதுகிறேன்.

2018 நவம்பர் 16 அதிகாலையில் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரை கடந்த கஜா புயலைப் பற்றி எச்சரிக்கை வரவில்லை என்று எவரும் சொல்ல முடியாது. பல நாள்களுக்கு முன்பிருந்தே வானிலை அறிவிப்புகள் வந்துகொண்டிருந்தன. கடலோரத்தில் ஏராளமானோர் முன்கூட்டியே முகாம்களுக்குக் கொண்டு செல்லப்பட்டனர். எச்சரிக்கையைப் பொறுத்தவரை, 2004 ஆழிப்பேரலைக்குப் பிறகு நாம் வெகுதூரம் வந்துவிட்டோம். குறை இருந்தது காற்று ஓய்ந்த பிறகுதான். ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட மின்கம்பங்கள் சாய்ந்தன. தஞ்சை, திருவாரூர், நாகை, புதுக்கோட்டை மாவட்டங்களில், கடலைப் பார்த்தே இராத ஊர்களும் வாரக்கணக்கில் இருளில் கிடந்தன.

எங்கள் ஊரில் முதலில் இல்லாமற்போனது சோறு அன்று, தண்ணீர். மேல்நிலை நீர்த்தேக்கத் தொட்டி நின்ற இடத்தில் அசையாமல் நின்றது. ஆழ்துளைக் கிணற்றில் நீரும் இருந்தது. மோட்டாரை ஓட்டத்தான் மின்சாரம் இல்லை. ஐந்தாம் நாள் வேறோர் ஊரிலிருந்து டீசல் ஜெனரேட்டர் ஒன்றை டிராக்டரில் ஏற்றிக் கொண்டுவந்தோம். வந்த பிறகுதான் அதை மோட்டாருடன் இணைக்க எந்த ஏற்பாடும் இல்லை என்பது தெரிந்தது. மின்பணியாளரைத் தேடிப் பிடித்து, ஸ்டார்ட்டர் பெட்டியைக் கழற்றி, ஒயரை முறுக்கிக் கட்டி ஓட்டினோம். அது எவ்வளவு ஆபத்தான காரியம் என்பது பின்னர்தான் விளங்கியது: அவ்வாறு இணைக்கும்போது ஜெனரேட்டரின் மின்சாரம் வெளிக்கம்பிக்குப் பாய்ந்தால், கம்பம் நடும் பணியில் இருக்கும் தொழிலாளியின் உயிரே போய்விடும். மோட்டார் அறையில் ஒரு சேஞ்ச் ஓவர் சுவிட்ச் (வெளிக்கம்பி, ஜெனரேட்டர் இரண்டில் ஒன்றை மட்டுமே மோட்டாருடன் இணைக்கும் சுவிட்ச்) இருந்திருந்தால் அரை மணி நேரத்தில், எவருக்கும் ஆபத்தில்லாமல், முடிந்திருக்கக்கூடிய வேலை அது. ஊராட்சிக்கு அது ஒன்றும் தாங்க முடியாத செலவன்று.

ஆகவே கிராம சபையில் முதலில் பேசப்பட வேண்டியது தண்ணீர்த் தொட்டியைப் பற்றித்தான். ஊரில் எத்தனை தொட்டிகள் இருக்கின்றன, ஒவ்வொன்றின் மோட்டாரும் எத்தனை குதிரைத்திறன் கொண்டது, அதை இழுக்கக்கூடிய ஜெனரேட்டர் யாரிடம் இருக்கிறது, அவரிடம் என்ன வாடகை பேசுவது, டீசலுக்கான பணத்தை எந்தக் கணக்கில் எழுதுவது என்பவற்றை முன்கூட்டியே முடிவு செய்து தீர்மானப் புத்தகத்தில் பதிந்துவிட வேண்டும். புயலுக்குப் பிறகு வாடகை பேசப் போனால் என்ன நடக்கும் என்பது டெல்டாக்காரர்கள் அனைவருக்கும் தெரியும். கைப்பம்புகளைப் பழுதுபார்த்து வைப்பதும் இதில் சேர்ந்ததே. குழாய் வந்த பிறகு பல தெருக்களில் கைப்பம்பு ஆடு கட்டும் கம்பமாகிவிட்டது.

அடுத்தது ஆட்கள் பற்றிய பட்டியல். படுத்த படுக்கையாக இருப்பவர்கள், தனியாக வசிக்கும் முதியோர், சிறுநீரகச் சுத்திகரிப்புக்கு வாரந்தோறும் நகரத்துக்குச் செல்பவர்கள், பிரசவ நாள் நெருங்கியவர்கள் ஆகியோர் எந்தெந்த வீட்டில் இருக்கிறார்கள் என்பது கிராம சுகாதாரச் செவிலியருக்கும் அங்கன்வாடிப் பணியாளருக்கும் ஏற்கெனவே தெரியும். ஆனால் அந்தத் தகவல் அவரவர் பதிவேட்டிலேயே தங்கிவிடுகிறது. தெருவுக்கு இருவர் என்று பொறுப்பேற்று, அவர்களை எந்த ஓட்டு வீட்டிலிருந்து எந்த மாடி வீட்டுக்கு, யாருடைய வண்டியில், எப்போது அழைத்துச் செல்வது என்பதைப் பகலிலேயே முடிவு செய்து வைத்தால், நள்ளிரவில் காற்றுக்கு நடுவே கட்டிலோடு தூக்கிக்கொண்டு ஓட வேண்டியிருக்காது. இன்சுலின் போட்டுக்கொள்பவர்கள் குளிர்பதனப் பெட்டி நின்றுவிட்டால், மருந்தைத் தண்ணீர் படாமல் கட்டி ஈரமணல் சூழ்ந்த மண்பானைக்குள் வைத்துக்கொள்ளலாம் என்பதையும் அந்தச் செவிலியரே சபையில் சொல்லலாம்.

சாலையைத் திறப்பதும் ஊராரின் வேலையே. மரம் அறுக்கும் மெஷின் யாரிடம் இருக்கிறது, அதை ஓட்டத் தெரிந்தவர்கள் யார், ஜேசிபி எந்த ஊரில் நிற்கிறது என்பவை ஒரு தாளில் இருக்க வேண்டும். அறுந்து கிடக்கும் மின்கம்பியை, மின்சாரம் நிறுத்தப்பட்டது உறுதியாகும் வரை, எவரும் தொடக்கூடாது என்பதை அந்தத் தாளின் தலைப்பிலேயே பெரிதாக எழுதலாம். மாடுகளைப் பொறுத்தவரை ஒரு சொல் போதும்: காற்று வலுக்கும் முன் தும்பை அவிழ்த்துவிட வேண்டும். கஜாவின்போது எங்கள் பகுதியில் கட்டிப்போட்ட இடத்திலேயே கொட்டகை விழுந்து மாண்ட மாடுகள் பல.

இளையோர் அறிய வேண்டிய இன்னொன்றும் உண்டு. புயலின் கண் ஊருக்கு மேலே கடக்கும்போது காற்று அடியோடு ஓய்ந்துவிடும். மேற்கு நோக்கி நகரும் புயல் அதுவரை வடக்கிலிருந்து வீசிய காற்றை, சற்று நேரத்தில் தெற்கிலிருந்து அதே வேகத்தில் திருப்பி அடிக்கும். ஓய்ந்ததென்று நம்பித் தோப்பைப் பார்க்க வெளியே போகிறவர்கள் அந்த எதிர்க்காற்றில் சிக்கிக்கொள்கிறார்கள். எங்கள் ஊர்ப் பெரியவர்கள் இதை அறிந்திருந்தார்கள். கைப்பேசியில் வரைபடம் பார்த்துக்கொண்டிருந்த எங்களுக்குத்தான் தெரியாமற்போனது.

இவையெல்லாம் தன்னார்வமாக, விருப்பப்பட்டால் செய்யக்கூடியவை என்று கருதுவோருக்காக ஒன்று சொல்லவேண்டும். 2005-ஆம் ஆண்டின் பேரிடர் மேலாண்மைச் சட்டத்தின் 41-ஆவது பிரிவு, பணியாளர்களுக்குப் பயிற்சி அளிப்பதையும், தேவையான கருவிகளை எந்நேரமும் பயன்படுத்தும் நிலையில் பராமரிப்பதையும் உள்ளாட்சி அமைப்பின் கடமையாகவே வகுத்துள்ளது. வெளியே எடுத்துக்காட்டுத் தேடுவோர் ஒடிசாவைப் பார்க்கலாம். 1999 புயலில் ஏறத்தாழ பத்தாயிரம் உயிர்களைப் பறிகொடுத்த அந்த மாநிலத்தில், வெங்கட்ராய்பூர், நோலியாசாஹி என்ற இரு கடலோர ஊர்கள் ஆழிப்பேரலையை எதிர்கொள்ள ஆயத்தமானவை என்று 2020-இல் யுனெஸ்கோவின் அங்கீகாரம் பெற்றன. ஊர்மக்களே குழு அமைத்து ஒத்திகை நடத்தியது அந்த அங்கீகாரத்துக்குக் காரணங்களுள் ஒன்று.

அக்டோபர் 2 என்ற நாளை நான் குறிப்பிடுவதற்கும் காரணம் உண்டு. பருவமழை தொடங்குவதற்கு அப்போது சுமார் மூன்று வாரங்கள் இருக்கும். எடுத்த தீர்மானம் நிறைவேறியதா என்று கேட்க, உள்ளாட்சிகள் தினமான நவம்பர் 1 அன்று மறுபடியும் கிராம சபை கூடுகிறது. ஜெனரேட்டரை ஒருமுறை இணைத்து ஓட்டிப் பார்க்கவும், பட்டியலில் விடுபட்டவர்களைச் சேர்க்கவும் இந்த ஒரு மாதம் போதும்.

தங்களிடம் ஒரு வேண்டுகோள். துறைமுகத்தில் இத்தனையாம் எண் புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றப்பட்டது என்ற செய்தியைத் தவறாமல் வெளியிடுகிறீர்கள். கப்பல்களுக்கான அந்த எண், கரையிலிருந்து இருபது, முப்பது கிலோமீட்டர் உள்ளே இருக்கும் ஓர் ஊர் என்ன செய்ய வேண்டும் என்பதைச் சொல்வதில்லை. அச்செய்தியின் அருகிலேயே ஒரு சிறு கட்டத்தில் தொட்டியை நிரப்புதல், தும்பை அவிழ்த்தல், பட்டாவையும் குடும்ப அட்டையையும் பாலித்தீன் பையில் கட்டி வைத்தல் போன்றவற்றையும் அச்சிட்டால், தேநீர்க் கடையில் நாளிதழை உரக்கப் படிப்பவர் அதையும் சேர்த்துப் படிப்பார். அந்தக் கூண்டு வரிசையின் கடைசியான 11-ஆம் எண்ணுக்கு வானிலை மையத்துடன் தகவல் தொடர்பு அற்றுப்போனது என்பது பொருளாம். 2018 நவம்பரில் எங்கள் ஊர் பல நாள்கள் அந்த எண்ணில்தான் இருந்தது.

தங்கள் உண்மையுள்ள,
தென்னை விவசாயி ஒருவர்,
பேராவூரணி வட்டம், தஞ்சாவூர் மாவட்டம்.