வில்லன் இல்லாத படங்கள்

கும்பகோணம்

அன்புள்ள அம்மாடிக்கு,

மே மாத லீவுக்குப் பிள்ளைகளோடு வரும்போது பனிப்பிரதேசப் படங்களாகப் போட்டுக் காட்டலாம் என்று எழுதியிருந்தாய். கத்திரி வெயிலுக்கு நல்ல யோசனைதான். ஆனால் 'குடும்பத்தோடு பார்க்கலாம்' என்று போட்டிருப்பதை மட்டும் நம்பிவிடாதே. இந்தப் படங்களில் அடிதடி இருக்காது, கெட்ட வார்த்தை இருக்காது. சாவு இருக்கும், அதுவும் யார் மேலும் கோபப்பட முடியாத சாவு. வில்லன் விழுந்தால் கைதட்டுகிற பிள்ளை, ஒரு குஞ்சு குளிரில் விறைத்துக் கிடந்தால் "யாரு செஞ்சா?" என்று கேட்கும். அதனால் நீ முதலில் ஒருமுறை பார்த்துவிடு. அந்த இடம் வருவதற்குக் கொஞ்சம் முன்னாலேயே சொல்லிவை. அதைத் தள்ளி ஓட்டிவிடாதே. தள்ளினால் அடுத்த காட்சி புரியாது, என்னவோ மறைக்கிறார்கள் என்ற பயம்தான் மிஞ்சும்.

முதலில் 'மார்ச் ஆஃப் தி பெங்குவின்ஸ்' (2005). லுக் ஜாக்கே என்ற பிரெஞ்சுக்காரர் அண்டார்டிகாவிலேயே எடுத்தது. ஒன்றரை மணி நேரம்கூட இல்லை. பிரெஞ்சு மூலத்தில் பெங்குவின்களே பேசுவதாகக் குரல் கொடுத்திருந்தார்கள். ஆங்கிலத்தில் அதை எடுத்துவிட்டு மார்கன் ஃப்ரீமனைக் கதை சொல்ல வைத்தார்கள். நாமும் அதையே செய்யலாம். சின்னவளுக்கு சப்டைட்டில் படிக்க வராது. சத்தத்தைக் குறைத்து வைத்துவிட்டு நீயே தமிழில் சொல்லு. மாதக்கணக்கை நம் ஊர்க் கணக்கில் சொன்னால் பெரியவனுக்குச் சட்டென்று பிடிபடும். குறுவைக்கு ஜூன் 12 மேட்டூர் திறக்கிற சமயத்தில் அங்கே நடுக்குளிர். அப்பா பெங்குவின் முட்டையைக் கால்மேல் வைத்து அடிவயிற்றுத் தோல் மடிப்பால் மூடிக்கொண்டு நிற்கும். முட்டையோடு மட்டும் இரண்டு மாதத்துக்கு மேல். அதற்கு முன்னால் நடந்து வந்ததையும் ஜோடி சேர்ந்ததையும் கூட்டினால் ஏறக்குறைய நான்கு மாதம் பட்டினி. ஆடி வாக்கில் குஞ்சு பொரிந்து, மார்கழியில் கடலுக்குப் போகும்.

இதில் கவனிக்க வேண்டியவை நான்கு. முட்டையைக் கைமாற்றும்போது நழுவிப் பனியில் உருண்டு உறைந்துபோவது, கடலில் சிறுத்தை சீல் ஒரு தாயைப் பிடிப்பது, பெரிய கடற்பறவை குஞ்சைத் தாக்குவது, குஞ்சை இழந்த தாய் இன்னொன்றின் குஞ்சைப் பறிக்கப் பார்ப்பது. நான்காவதுதான் சின்னவளை உலுக்கும். அந்த இடத்தில் மட்டும் படத்தை நிறுத்திவிட்டுப் பேசு.

'ஹேப்பி ஃபீட்' (2006) ஆட்டம் பாட்டத்துக்காகப் போடலாம். ஆனால் பெங்குவினைக் கண்ணாடிக் கூண்டில் அடைக்கும் பகுதி நீளம், மனதைப் பிசையும். 'ஃப்ரோஸன் 2' (2019) தமிழிலேயே இருக்கிறது, கதாநாயகி எல்சாவுக்கு ஸ்ருதி ஹாசன் குரல். துருவம் என்று சொல்ல முடியாது, சின்னவளுக்காகச் சேர்த்துக்கொள். பனிமனிதன் ஓலாஃப் மறையும்போது அழுவாள். திரும்பி வருவான் என்று சொல்லிவிடு, ரகசியம் கெட்டால் பரவாயில்லை. பெங்குவினும் பனிக்கரடியும் ஒன்றாக விளையாடுகிற கார்ட்டூன் வந்தால் எது தப்பு என்று பெரியவனிடம் கேட்டுப்பார்: பெங்குவின் தென்கோடி, கரடி வடகோடி.

'எய்ட் பிலோ' (2006) அண்டார்டிகாவில் விட்டுவிட்டு வந்த நாய்களின் கதை, எட்டு வயதுக்கு மேல்தான். திமிங்கிலச் சடலத்துக்குள்ளிருந்து சிறுத்தை சீல் பாயும் காட்சியில் பெரியவர்களே துள்ளுவார்கள். எட்டு நாய்களில் இரண்டு இறந்துவிடும். உண்மையில் நடந்தது இன்னும் கடுமை. 1958-ல் அண்டார்டிகாவில் இருக்கும் தங்கள் ஷோவா ஆராய்ச்சித் தளத்தில் ஜப்பானியர்கள் 15 நாய்களை விட்டுவிட்டு வர நேர்ந்தது. மறு வருடம் திரும்பிப் போனபோது உயிரோடு இருந்தவை டாரோ, ஜிரோ இரண்டுதான். இதைப் படம் முடிந்த பிறகு சொல்லு, முன்னால் வேண்டாம். நாமும் நாய்க்குட்டியை அங்கே கூட்டிப்போகலாமா என்று கேட்டால், 1994 முதல் அண்டார்டிகாவில் நாய்க்கு அனுமதியில்லை.

பெரியவனுக்கு 'டோகோ' (2019) அவசியம். 1925-ல் அலாஸ்காவின் நோம் ஊரில் தொண்டை அடைப்பான் பரவியபோது நாய்வண்டிகளைத் தொடர் ஓட்டமாக விட்டு மருந்து கொண்டுபோன கதை. அது தடுப்பூசி இல்லை, நோய் வந்தவர்களுக்குப் போடும் எதிர்நஞ்சு. அந்த வித்தியாசத்தைச் சொல்லிவை. கடல்பனி உடையும் காட்சிக்கு மூச்சு முட்டும். முடிவில் நாய் கிழடாகிச் சாகும், அழுகை உண்டு. என் கணக்கில் இருப்பதிலேயே நல்ல படம் இதுதான்.

டிவியில் பிக்சர் மோடை 'விவிட்' என்று வைத்திருந்தால் பனியெல்லாம் நீலச்சாயம் பூசினதுபோல் தெரியும். 'சினிமா' மோடுக்கு மாற்று. அசைவை வழவழப்பாக்கிக் காட்டும் 'மோஷன் ஸ்மூத்திங்'கை அணைத்துவிடு, இல்லாவிட்டால் விழுகிற பனி இழுபடும். இருட்டறையில் வெள்ளைத்திரை கண்ணைக் கூசும்; டிவிக்குப் பின்னால் ஒரு சின்ன விளக்கு எரியட்டும். பெங்குவின் படம் பளிச்சென்று இருப்பதால் மதியம் ஓடும். டோகோவின் புயல் காட்சிகள் பகலில் முற்றத்து வெளிச்சத்தில் ஒன்றும் தெரியாது, விளக்கு வைத்த பிறகு போடலாம். நடிகர் வாயிலிருந்து ஆவி வருகிறதா என்று பெரியவனைப் பார்க்கச் சொல். வராத காட்சி பெரும்பாலும் குளிரில் எடுக்காதது.

மே மாதம் இங்கே கரண்ட் எப்போது போகும் என்று சொல்ல முடியாது. எல்லாவற்றையும் டேப்லெட்டில் முன்கூட்டியே இறக்கிக்கொண்டு வா. கிளம்புவதற்கு முன் ஒருமுறை இன்டர்நெட்டை அணைத்துவிட்டு ஓட்டிப் பார்த்துக்கொள். பெரிய பவர் பேங்க்கும் இருக்கட்டும்.

அன்புடன்,
அப்பா