ஊரின் பெயரைச் சொல், மகளே

அன்புள்ள மகளுக்கு,

அம்மா எழுதிக்கொள்வது. அப்பாவும் நானும் நலம். உங்கள் எல்லோருடைய சுகத்துக்கும் முருகனை வேண்டுகிறோம். சென்ற கிழமை தொலைபேசியில், அம்மம்மாவின் வீடு எங்கே இருக்கிறது என்று கேட்ட உன் மகனுக்குக் “கொழும்பு பதின்மூன்று” என்று பதில் சொன்னாய். கடிதம் வந்து சேர அந்த இலக்கம் போதும். ஆனால் வளரும் பிள்ளைக்கு அது போதாது. அந்தப் பதின்மூன்றுக்குள் கொட்டாஞ்சேனையும் கொச்சிக்கடையும் ஜிந்துப்பிட்டியும் இருக்கின்றன. அவனுக்கு அந்தப் பெயர்களையும் அவற்றின் கதைகளையும் சொல்லிக்கொடு.

கொச்சிக்கடையிலிருந்து தொடங்கு. ஒல்லாந்தர் கத்தோலிக்கக் குருமாரைத் தடைசெய்திருந்த காலத்தில், கொச்சியிலிருந்து வந்த அந்தோனியோ என்ற குருவானவர் வணிகரைப் போல நடமாடி மறைவாகப் பூசை வைத்துவந்தார் என்றும், காவலர்கள் துரத்தியபோது முகத்துவாரத்து மீனவர்கள், தங்கள் கரையை அரிக்கும் கடலை நிறுத்தினால் அவரைக் காப்பாற்றுவதாகச் சொன்னார்கள் என்றும், அவர் மணலில் சிலுவையை நட்டு மூன்று நாள் செபித்தபின் கடல் பின்வாங்கியது என்றும் பரம்பரையாகச் சொல்கிறார்கள். அவர் கட்டிய மண் கோவிலே அந்தோனியார் ஆலயத்தின் தொடக்கம். இன்றுள்ள ஆலயம் 1834 இல் திறக்கப்பட்டது. கொச்சியிலிருந்து வந்தவர்களின் கடை இருந்த இடமாதலால் கொச்சிக்கடை என்பார்கள். 2019 ஏப்ரல் 21 இல் அங்கே நடந்த குண்டுவெடிப்புக் கொடுமைக்குப் பின்னும் செவ்வாய்க்கிழமைகளில் கூட்டம் குறையவில்லை. நெற்றியில் திருநீறு பூசிய பெண்கள் மெழுகுதிரி ஏற்றி, சொரூபத்தின் கண்ணாடியைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, அங்கிருந்து நடந்தே பொன்னம்பலவாணேசரிடம் போவதை நீயும் சிறுவயதில் பார்த்திருக்கிறாய். பொன்னம்பல முதலியார் கட்டிய அந்தக் கோவிலைக் கருங்கல்லில் எழுப்பியவர் அவருடைய மகன் சேர் பொன்னம்பலம் இராமநாதன் என்பதையும் பிள்ளைக்குச் சொல்.

நீதிமன்றங்கள் இருக்கும் இடத்தை நாம் புதுக்கடை என்கிறோம். ஆங்கிலத்தில் ஹல்ஸ்டொர்ப் என்று வழங்கும் பெயர், 1656 இல் கொழும்பை முற்றுகையிட்டபோது இறந்துபோன ஒல்லாந்தத் தளபதி ஹல்ஃப்டை நினைவுகூருவது. இது கதையல்ல, வரலாறு. முகத்துவாரத்துக்கு விளக்கமே வேண்டியதில்லை. களனி கங்கை கடலில் கலக்கும் வாய் அது.

கொம்பனித்தெருவைப் பற்றி மட்டும் சற்று நிதானமாகச் சொல். ஒல்லாந்தக் கொம்பனியின் பெயரைத்தான் நாம் சொல்லி வருகிறோம். ஆங்கிலேயரோ அதை அடிமைத்தீவு என்றே அழைத்தார்கள். ஒல்லாந்தர் காலத்தில், ஆபிரிக்காவிலிருந்து கொண்டுவரப்பட்ட அடிமைகளைப் பகலெல்லாம் கோட்டைக்குள் வேலை வாங்கிவிட்டு இரவில் அங்கே அடைத்துவைத்தார்கள். அவர்கள் நீந்தித் தப்பாதிருக்கப் பேர வாவியில் முதலைகளை விட்டார்கள் என்ற கதையும் உண்டு. கேட்பதற்கு நம் பெயர் கண்ணியமாக இருக்கிறது. ஆனால் அந்த மனிதர்களைப் பற்றி அது ஒன்றும் சொல்வதில்லை. அவர்கள் பட்ட துயரம் மறைந்துபோகக் கூடாது என்பது என் எண்ணம். ஆகவே பிள்ளைக்கு இரண்டு பெயர்களையும் சொல். முதலைக் கதை அவனைப் பயமுறுத்தினால், அதைச் சற்று வளர்ந்தபின் சொன்னால் போதும்.

ஜிந்துப்பிட்டி என்பது போர்த்துக்கேயர் ‘சான் தோமே’ என்று அழைத்த புனித தோமையாரின் பெயரிலிருந்து வந்தது என்பார்கள். அப்பம்மா அந்தத் தெருவைப் பற்றி வேறொரு கதையும் சொல்லி உன்னைத் தூங்க வைப்பார். சமையலறையில் நின்ற எனக்கு அது அரைகுறையாகவே கேட்டது. உனக்கு நினைவிருக்கும் மட்டும் எழுதி அனுப்பு. மற்றக் கதைகளை நான் ஒரு கொப்பியில் எழுதி வருகிறேன். அப்பம்மாவின் கதைக்கு நான்கு பக்கம் விட்டு வைத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
அன்புள்ள அம்மா