மசூரிக்குப் போகும் மகளுக்கு

கிருஷ்ணகிரி,
மார்கழி மாதம்

அன்பு மகளுக்கு,

மசூரி மலையில் பேய் நடமாடுகிறது என்று பேர்வாங்கிய சவாய் ஓட்டலில் ரூம் போட்டாச்சு என்று நீ போனில் சொன்னதிலிருந்து உன் அம்மா முனியப்பன் கோயில் திருநீற்றைப் பொட்டலம் கட்டிக்கொண்டிருக்கிறாள். அது கூரியரில் வரும், பர்ஸில் வைத்துக்கொள். என் கவலை வேறு. பழைய மரக் கட்டடத்தில் ராத்திரி வரும் சத்தங்களில் எது சும்மா, எதற்கு எழுந்து வெளியே ஓட வேண்டும் என்பது உனக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

அந்தப் பேய்க் கதையை முதலில் சரியாகத் தெரிந்துகொள். ஓட்டல் திறந்தது 1902. பிரான்சஸ் கார்னெட்-ஆர்ம் என்ற ஆங்கிலேயப் பெண்மணி 1911-இல் அங்கே தங்கியிருந்தபோது விஷத்தால் இறந்துபோனார். ஆவிகளோடு பேச முடியும் என்று நம்பியவர். தோழி மேல் வழக்குப் போட்டு, அலகாபாத்தில் விசாரித்து, விடுதலை செய்துவிட்டார்கள். நள்ளிரவில் வராந்தாவில் நடக்கிறார், கதவைத் தட்டுகிறார் என்பதெல்லாம் பின்னால் சேர்ந்த சரக்கு. நம் பக்கம் சண்டையில் செத்தவனைக் கல்லில் வடித்து, வேடியப்பன் என்று கும்பிட்டுப் பொங்கல் வைக்கிறோம். அங்கே செத்தவரைச் சொல்லி விருந்தாளியை வரவழைக்கிறார்கள். பிழைப்பு.

நம் ஊர்ப் பழைய பங்களாக்கள் கருங்கல், சுண்ணாம்பு, மெட்ராஸ் டெரஸ். அவை ராத்திரியில் வாயே திறக்காது. மலை ஊரில் பெரும்பாலும் மரத்தளமும் தகரக் கூரையும். 3 மீட்டர் தகரம் 15 டிகிரி ஆறினால் அரை மில்லிமீட்டர்தான் சுருங்கும். ஆனால் ஆணி பிடித்திருப்பதால் அது மெதுவாகச் சுருங்காது; இழுத்து இழுத்துப் பார்த்து ஒரேயடியாக நழுவும். அதுதான் ‘டக்’. வெயில் முதலில் விலகிய பக்கம் முதலில் ஆறும், அடுத்த தகரம் அடுத்து. அதனால் சத்தம் ஒரு மூலையில் தொடங்கி மறு மூலைவரை வரிசையாகப் போகும். கீழே படுத்திருப்பவருக்கு யாரோ கூரைமேல் நடப்பதாகவே கேட்கும். பொழுது சாய்ந்த இரண்டு மூன்று மணி நேரம் இது அதிகம். ஹீட்டர் போட்டால் தரைப்பலகை காய்ந்து அதுவும் தன் பங்குக்கு முனகும். ஒழுங்கில்லாமல் பிராண்டுகிற சத்தம் வந்தால் எலி, இல்லாவிட்டால் மரநாய். அலறல் கேட்டால் கூகை. பக்கத்து ரூமில் குழாயைப் பட்டென்று மூடினால் சுவருக்குள் ‘தும்’ என்று அடிக்கும். ஓடுகிற தண்ணீர் திடீரென்று நின்று குழாயை மோதுகிற வேகம் அது.

ரூமுக்குள் வெளிச்சம் இருக்கும்போதே நுழைந்துவிடு, எட்டு மணிக்குப் போய் இறங்காதே. தரையில் ஒரு எலுமிச்சம்பழத்தை வைத்துப் பார், உருண்டால் தளம் சாய்ந்திருக்கிறது. கதவும் தானாகத் திறக்கும். கதவுக்கும் நிலைக்கும் நடுவே காகிதத்தை மடித்துச் செருகித் தாழ்ப்பாளைப் போடு. ஊதுபத்தி ஒன்று கொளுத்திச் சன்னல் ஓரம், கதவடி, கணப்பு (சுவரில் கட்டிய நெருப்பிடம்) வாய் மூன்றிலும் காட்டு. புகை சாய்கிற இடத்தில் காற்று புகுகிறது. முதுகில் ‘சில்’லென்று படுவதும் திரை ஆடுவதும் அங்கிருந்துதான். பார்த்து முடித்ததும் பத்தியைத் தண்ணீரில் அணைத்துவிடு. விளக்கை அணைத்த பிறகும் எல்.இ.டி. பல்பு மங்கலாக மினுங்கினால், சுவிட்சில் இருக்கும் சிவப்பு இண்டிகேட்டர் வழியாகக் கசியும் துளி மின்சாரம்தான் காரணம். கண்ணாடி கட்டிலுக்கு எதிரே இருந்தால் துண்டைப் போட்டு மூடு. மங்கல் வெளிச்சத்தில் பத்து நிமிஷம் கண்ணாடியையே பார்த்தால் சொந்த முகமே வேறு முகமாகத் தெரியும் என்பதைக் கபுட்டோ என்ற இத்தாலிய ஆய்வாளர் 2010-இல் எழுதியிருக்கிறார். கும்மாளத்துக்கு அதைச் செய்து பார்க்கும் கூட்டம் உன் கூட்டம் என்று எனக்குத் தெரியும்.

இனி எழுதுவதை உன் சிநேகிதிகளுக்கும் படித்துக் காட்டு. மார்கழிக் குளிருக்கு அங்கே எங்காவது கரி போட்ட அங்கீட்டி கொண்டுவந்து வைப்பார்கள். நம் கும்மட்டி அடுப்பு மாதிரிதான். மூடிய ரூமுக்குள் அதை விடவே கூடாது. புகை அடங்கிக் கங்கு சிவந்து அழகாக இருக்கும் நேரம்தான் மோசம். அப்போதும் கார்பன் மோனாக்சைடு என்ற விஷவாயு வந்துகொண்டே இருக்கும். நிறமும் கிடையாது, நாற்றமும் கிடையாது. ரத்தத்தில் ஆக்சிஜனைவிட இருநூறு மடங்குக்கும் மேல் கெட்டியாக ஒட்டிக்கொள்ளும். தலைவலி, குமட்டல், கை கால் அசதி, நெஞ்சில் ஏதோ உட்கார்ந்த பாரம் எல்லாம் வரும். 1921-இல் வில்மர் என்ற அமெரிக்கக் கண் மருத்துவர் ஒரு குடும்பத்தைப் பற்றி எழுதினார். பழைய வீட்டுக்குக் குடி போனார்கள். மாடியில் காலடிச் சத்தம், கண்முன் உருவங்கள், ஓயாத தலைவலி, தொட்டிச் செடிகூட வாடியது. கடைசியில் பார்த்தால், வீட்டைச் சூடாக்கும் உலை பழுதாகிப் புகையைப் புகைபோக்கிக்கு அனுப்பாமல் வீட்டுக்குள்ளேயே விட்டிருக்கிறது.

கணப்பு மூட்டித் தருகிறோம் என்றால், முதலில் ஒரு காகிதத்தைக் கொளுத்திப் புகைபோக்கி வாயில் பிடிக்கச் சொல். புகை மேலே போனால் சரி. முகத்தில் திரும்பினால் உள்ளே பறவைக்கூடு அடைத்திருக்கும், அல்லது புகைபோக்கியைத் திறந்து மூடும் தகடு மூடியிருக்கும். வேண்டாம் என்று சொல்லிவிடு. கணப்பு எரியும்போது பாத்ரூம் எக்ஸாஸ்ட் ஃபேனைப் போடாதே. சன்னலெல்லாம் சாத்தியிருந்தால் ஃபேன் இழுக்கும் காற்றுக்கு வேறு வழியில்லை, புகைபோக்கி வழியாகவே கீழே இழுக்கும். நெருப்பு இருந்தால் சன்னலை ஒரு விரல் அளவு திறந்து வை, தூங்கும் முன் அணைக்கச் சொல். கரண்டில் ஓடும், எண்ணெய் அடைத்த ஹீட்டர் கேட்டு வாங்கினால் இந்தத் தொல்லையே இல்லை. வழியில் சின்ன லாட்ஜில் தங்கினால் கேஸ் கீசர் பாத்ரூமுக்குள்ளேயே மாட்டியிருக்கிறதா பார். அப்படியிருந்தால் வாளியில் பிடித்துக்கொண்டு அணைத்துவிட்டுக் குளி.

இரண்டு பேருக்கு ஒரே நேரத்தில் தலை வலித்தால் பேச்சே வேண்டாம், கதவைத் திறந்து வெளியே வா. வெளிக்காற்றில் தெளிந்தால் காரணம் அதுதான். தெளிந்துவிட்டது என்று உள்ளே திரும்பிப் போகாமல் டாக்டரிடம் போங்கள்.

தூக்கம் எப்படியும் சரியாக வராது. புது இடத்தில் முதல் ராத்திரி மூளையின் இடது பாதி கொஞ்சம் விழித்தே இருக்கிறது என்று பிரௌன் பல்கலைக்கழகத்தில் 2016-இல் கண்டார்கள். அரைத் தூக்கத்தில் கை கால் அசையாமல் யாரோ அமுக்குவது போல வந்தால், அது அமுக்குவான் பேய் இல்லை. கனவு நேரத்தில் தசையை உடம்பே கட்டிப்போடும். கட்டு அவிழும் முன் கண் திறந்துவிட்டது, அவ்வளவுதான். கால் கட்டைவிரலை மட்டும் அசைக்கப் பார். மல்லாந்து படுத்தால் இது அதிகம் வரும், ஒருக்களித்துப் படு.

மரக் கட்டடம் என்பதால் தீ பயமும் உண்டு. உன் ரூமிலிருந்து மாடிப்படிவரை எத்தனை கதவு என்று கையால் தொட்டு எண்ணிவிட்டு வா. புகையில் கண் தெரியாது. டார்ச்சும் செருப்பும் கட்டிலடியில் இருக்கட்டும்.

திருநீற்றோடு பேட்டரியில் ஓடும் கார்பன் மோனாக்சைடு அலாரம் ஒன்றையும் அனுப்புகிறேன். பேட்டரி மேல் இருக்கும் பிளாஸ்டிக் துண்டை இழுத்துவிட்டு டெஸ்ட் பட்டனை அழுத்திப் பார். தலையணை உயரத்தில் வை, திரைக்குப் பின்னால் வேண்டாம். காற்றில் அந்த வாயு 50 பி.பி.எம். (பத்து லட்சத்தில் 50 பங்கு) இருந்தால் ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகித்தான் கத்தும், 300 என்றால் மூன்று நிமிஷத்துக்குள். கத்தினால் பேட்டரியைக் கழற்றாதே, நீ வெளியே வா.

அப்பா