விழாமல் ஓட்டுவதும் பந்தயத்தில் ஒரு பாதி

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஓய்வுபெற்ற சைக்கிள் வீரர்களைப் பற்றித் தங்கள் இதழ் சென்ற வாரம் வெளியிட்ட கட்டுரையில் இத்தாலியின் வின்சென்சோ நிபாலிக்குக் கிடைத்தது ஒன்றரை வரி. முக்கியப் போட்டியாளர்களான ஃபுரூமும் கோன்டடோரும் விழுந்து விலகியதால், பிரான்ஸைச் சுற்றி மூன்று வாரம் நடக்கும் டூர் டி பிரான்ஸ் பந்தயத்தின் 2014 வெற்றி அவர் மடியில் வந்து விழுந்தது என்று அதில் எழுதியிருக்கிறீர்கள். படித்ததும் மனம் நொந்துபோனது. அந்தப் பந்தயத்தின் முடிவுப் பட்டியல் தங்களுக்குத் தெரியாததல்ல. அதைத் தேதி வரிசையில் ஒருமுறை பார்த்திருந்தால் அந்த வரியை அச்சேற்றியிருக்க மாட்டீர்கள்.

ஜூலை 6, இரண்டாவது ஸ்டேஜ் (சுற்றின் ஒருநாள் ஓட்டம்), யார்க்கிலிருந்து ஷெஃபீல்டு வரை. ஃபுரூம், கோன்டடோர் இருவரும் அன்று முன்வரிசைக் கூட்டத்தில் நல்லபடியாகவே இருந்தார்கள். கடைசி 2 கி.மீ.க்குள் நிபாலி தனியே பிய்த்துக்கொண்டு போய் 2 விநாடி வித்தியாசத்தில் ஜெயித்து, மொத்த நேரத்தில் முன்னிலையில் இருப்பவருக்கான மஞ்சள் சட்டையைப் போட்டுக்கொண்டார். அதற்குள் அவர்கள் இருவரும் பந்தயத்தை விட்டு விலகியிருக்கவில்லை.

ஜூலை 9, ஐந்தாவது ஸ்டேஜ், இப்ரவிலிருந்து அரென்பெர்க் வரை. இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், தங்கள் கட்டுரையின் பிழை இங்கேதான் இருக்கிறது. வழியில் 9 இடங்களில் கருங்கல் பாவிய பழைய வண்டிப்பாதை. மழை கொட்டியதால் இரண்டை நீக்கி ஏழை வைத்தார்கள். அப்போது சாதாரணத் தார்ச்சாலையில் சதுர அங்குலத்துக்கு 110 பவுண்டு அளவில் காற்று வைத்து ஓட்டிய டயரை இந்தக் கல்லில் அப்படியே விட்டால் சக்கரம் துள்ளும், பிடிமானம் போய்விடும். எனவே 27 முதல் 30 மி.மீ. அகல டயர் போட்டு, காற்றை 80 பவுண்டுக்குப் பக்கத்தில் இறக்கினார்கள். அதற்கும் கீழே இறக்கினால் கல்லின் விளிம்பு டயரைத் தாண்டி ரிம்மில் இடித்துப் பஞ்சர். ஹேண்டில்பாரின் மேல்பகுதியைத் தளர்வாகப் பிடிக்க வேண்டும். இறுக்கிப் பிடித்தால் ஒவ்வொரு குலுக்கலும் தோளுக்கு ஏறி, முன்சக்கரம் தன் வழியைத் தானே தேடிக்கொள்ள முடியாமல் சறுக்கும். கனமான கியரில் நிதானமாக, விடாமல் மிதிக்க வேண்டும். காய்ந்த நாளில் ஓரத்து மண்ணில் ஏறி ஓட்டித் தப்பிக்கலாம். மழையில் அந்த ஓரம் முழுக்கத் தண்ணீர், அடியில் எவ்வளவு பள்ளம் என்று கண்ணுக்குத் தெரியாது. நடுவில் மேடாக இருக்கிற முதுகிலேயே, வயல் சேறு பூசிய வழுக்குக் கல்லில் போயாக வேண்டும். மெலிந்த உடம்புள்ள மலையேற்றக்காரர்கள் பயப்படுகிற சாலை இது. அதில் நிபாலி மூன்றாவதாக வந்தார். லார்ஸ் போம் முதல், நிபாலியின் அணித்தோழர் ஃபூக்ல்சாங் இரண்டாவது. கோன்டடோர் அன்று விழவில்லை, ஆனாலும் நிபாலியிடம் இரண்டரை நிமிடத்துக்கு மேல் இழந்தார். ஃபுரூம் விழுந்தது உண்மை. முந்தைய நாளே ஒருமுறை விழுந்திருந்தார், இந்த ஸ்டேஜில் கல்சாலை தொடங்குவதற்கு முன்பே மேலும் இரண்டு முறை விழுந்து விலகினார். நிபாலியும் அதே மழையில், அதே சாலையில்தான் ஓட்டினார்.

கோன்டடோர் பெட்டி பாலோன் இறக்கத்தில் விழுந்து விலகியது ஜூலை 14-ல். அன்று காலையில் அவர் நிபாலியைவிட இரண்டரை நிமிடம் பின்தங்கியிருந்தார். அன்றைய ஸ்டேஜையும், பிறகு ஷாம்ரூஸ், ஓட்டகாம் மலைகளின் மேல் முடிந்த இரண்டு ஸ்டேஜ்களையும் நிபாலியே ஜெயித்தார். பாரிஸில் இரண்டாமவர் பெரோவுக்கும் இவருக்கும் இடைவெளி 7 நிமிடம் 37 விநாடி. 1998-ல் பான்டானிக்குப் பிறகு ஓர் இத்தாலியருக்குக் கிடைத்த முதல் டூர் வெற்றி அது.

தங்கள் கட்டுரையின் கணக்கை நிபாலிக்குச் சாதகமாகவும் போட்டுப் பாருங்கள். 2016 ரியோ ஒலிம்பிக்கில் கடைசி இறக்கத்தில், முன்னணியில் இருந்தபோது விழுந்து காறை எலும்பை முறித்துக்கொண்டார். தங்கம் வான் அவெர்மட்டுக்குப் போனது. 2018-ல் ஆல்ப் டியூஸ் ஏற்றத்தில் சாலையோர ரசிகர் ஒருவரின் கேமரா வார் மாட்டிக் கீழே விழுந்து முதுகெலும்பில் முறிவு, அத்தோடு டூரை விட்டு விலகினார். அந்த ஆண்டு டூரை வென்ற ஜெரெய்ன்ட் தாமஸைப் பற்றி, நிபாலி விழுந்ததால் ஜெயித்தார் என்று தங்கள் இதழ் எழுதியதில்லை. எழுதாததே முறை. அந்த நியாயத்தை நிபாலிக்கும் தந்திருக்கலாம்.

இறக்கத்தில் வண்டியைக் கையாள்வதும் ஏற்றத்தைப் போலவே ஒரு வித்தை. வளைவுக்கு முன்பே பிரேக் பிடித்து முடித்துவிட வேண்டும். வளைவுக்குள் பிடித்தால் வண்டி நிமிர்ந்துகொண்டு நேரே வெளியே ஓடும். வெளிப்பக்கப் பெடலைக் கீழே இறக்கி உடல் எடையை அதில் ஊன்ற வேண்டும், பார்வை வளைவின் முடிவில் இருக்க வேண்டும். ரிம் பிரேக்கில் இன்னொரு சிக்கல் உண்டு: நனைந்த கார்பன் ரிம்மில் கட்டை முதலில் தண்ணீரைத் துடைக்கும், அப்புறம்தான் பிடிக்கும். அந்த ஒரு நொடியையும் கணக்கில் வைத்துப் பிடிக்கத் தெரிந்தவர் நிபாலி. இத்தாலியின் ஒருநாள் பந்தயமான லோம்பார்டியாவை 2015, 2017 இரண்டு முறையும் சிவிலியோ இறக்கத்தில்தான் கைப்பற்றினார். 2018 மிலான்–சான்ரெமோ ஒருநாள் பந்தயத்தில் போஜ்ஜோ குன்றின் உச்சியிலிருந்து முடிவுக்கோடு வரை சுமார் ஐந்தரை கி.மீ. தனியாக ஓட்டி, துரத்திவந்த கூட்டத்துக்குச் சில மீட்டர் முன்னால் கையை உயர்த்தினார்.

குறையே இல்லாதவர் என்று சொல்லவில்லை. 2015-ல் ஸ்பெயினின் சுற்றுப் பந்தயமான வுவெல்ட்டாவில் அணிக் காரைப் பிடித்துக்கொண்டு போனதற்காக வெளியேற்றப்பட்டார், அது சரியான தண்டனை.

எழுத உட்கார்ந்த பிறகு பழையவையும் சேர்ந்து வலிக்கின்றன. இத்தாலியின் சுற்றுப் பந்தயமான ஜீரோவின் 2016 படத்துக்குக் கீழே மஞ்சள் சட்டை என்று அச்சிட்டீர்கள். ஜீரோவில் தலைவருக்கு இளஞ்சிவப்புச் சட்டை. அப்போதே எழுதினேன், பதில் இல்லை. ஒருநாள் ஸ்டேஜை ஜெயித்தவரைப் பந்தயத்தையே ஜெயித்தவராக எழுதியது இரண்டு முறை. 2022 அக்டோபர் 8 அன்று லோம்பார்டியாவோடு நிபாலி விடைபெற்றார். டூர், ஜீரோ, வுவெல்ட்டா என்ற மூன்று பெரும் சுற்றுப் பந்தயங்களையும் அதுவரை வென்றிருந்த ஏழு பேரில் ஒருவர் அவர். அந்த வாரம் தங்கள் இதழில் அவர் பெயரே இல்லை. ஊக்கமருந்துச் செய்தி என்றால் மட்டும் சைக்கிளுக்கு அரைப் பக்கம் கிடைக்கிறது.

கேட்பது ஒன்றுதான். அடுத்த இதழில் ஒரு திருத்தம், நான்கு வரி போதும்: கோன்டடோர் விலகிய நாளில் நிபாலி அவரைவிட இரண்டரை நிமிடம் முன்னால் இருந்தார் என்று. இனி சுற்றுப் பந்தய முடிவுகளை வெளியிடும்போது, முதல் ஐந்து பேரின் நேர வித்தியாசத்தையும் பெயருக்குப் பக்கத்தில் போடுங்கள்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் சந்தாதாரர்