சின்னவன் வேலை விஷயமாக

தங்கச்சிமடம்

அன்புள்ள மாப்ள,

பொங்கலுக்கு நீ போட்ட கடிதத்துக்கு இப்போதுதான் பதில் எழுதுகிறேன், கோபப்படாதே. ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம். படகைக் கரையேற்றிப் பலகை மாற்றிக்கொண்டிருக்கிறோம். அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. நீ தோற்ற பந்தயத்துக்கு நண்டு இன்னும் வரவில்லை, ஞாபகம் இருக்கட்டும்.

விஷயம் சின்னவனைப் பற்றி. பெங்களூரில் வீடியோ கேம் செய்கிற கம்பெனி ஒன்று அவனை வேலைக்குக் கூப்பிட்டிருக்கிறது. அதில் பாதிக்கு மேல் பங்கு வெளிநாட்டுப் பெரிய கம்பெனி கையில். "அதனால பயமில்லப்பா" என்கிறான். எனக்கு அதனால்தான் பயம்.

2020 செப்டம்பரில் பப்ஜியைத் தடை செய்தபோது ரெண்டு நாள் சரியாகச் சாப்பிடாமல் கிடந்தானே, கொரியாக்காரன் விளையாட்டுக்கும் சீனாக்காரனுக்கும் என்னடா சம்பந்தம் என்று அப்போதே கேட்டேன். இப்போதுதான் உட்கார்ந்து விளக்கினான். அந்த விளையாட்டைப் போனில் கொண்டுவந்தது டென்சென்ட் என்கிற சீனக் கம்பெனியாம். அது 1998-ல் ஷென்சென் நகரத்தில் ஆரம்பித்தது. 2001-ல் தென்னாப்பிரிக்காவின் நாஸ்பர்ஸ் ஏறக்குறைய 3.2 கோடி டாலர் போட்டுக் கிட்டத்தட்டப் பாதிப் பங்கை வாங்கியது. அப்படி அடுத்தவர் பணத்தில் வளர்ந்தவர்கள், பிறகு அதையே தொழிலாக்கிக்கொண்டார்கள். 2011-ல் அமெரிக்காவின் ரயட் கேம்ஸில் பெரும்பங்கு, 2015-ல் மிச்சத்தையும். 2012-ல் எபிக் கேம்ஸில் 40 சதவீதம், 33 கோடி டாலருக்கு. 2016-ல் வேறு சிலரோடு சேர்ந்து பின்லாந்தின் சூப்பர்செல்லை வாங்க 860 கோடி டாலர்!

வாங்கிய இடத்தில் பெரும்பாலும் கை வைப்பதில்லையாம். விளையாட்டைச் செய்கிறவர்கள் செய்துகொண்டே இருப்பார்கள். அதை டென்சென்ட்காரர்கள் சீனாவில் கொண்டுபோய் விற்றுக் கொடுப்பார்கள், லாபத்தில் பங்கு வரும். கேட்டதும் நம் கரை வியாபாரிதான் நினைவுக்கு வந்தார். இருபது படகுக்கு முன்பணம் கொடுக்கிறார், கடலுக்குப் போவதில்லை. நாலு படகில் நல்ல மீன்பாடு இருந்தால் மற்றதன் நஷ்டம் ஈடாகிவிடும். ஆனால் முன்பணம் வாங்கிய படகுக்காரன் மீனை வேறு யாரிடமும் கொண்டுபோக முடியாது. அப்பா பட்டதை நீயும் பார்த்தவன்தானே.

இன்னொரு கதையும் அவனே சொன்னான். ஸ்வீடனில் எம்பிரேசர் என்று ஒரு குழுமம், கண்ட கேம் ஸ்டுடியோவையெல்லாம் வாங்கிக் குவித்தது. 2023 மே மாதம், வர வேண்டிய 200 கோடி டாலர் ஒப்பந்தம் நின்றுபோயிற்று. ஆகஸ்டில் அமெரிக்காவில் முப்பது வருஷம் ஓடிய வொலிஷன் ஸ்டுடியோவை மூடிவிட்டார்கள். இதைச் சொல்லும்போது அவன் குரலே மாறிவிட்டது மாப்ள. பயம் அவனுக்கும் இருக்கிறது, எனக்காக மறைக்கிறான்.

போகாதே என்று சொல்ல எனக்கு மனசில்லை. ராத்திரி ரெண்டு மணி வரை கம்ப்யூட்டரில் கப்பலும் அலையும் வரைகிறான். பார்த்தால் நம் பாம்பன் கடலேதான். அந்தக் கையை வலை தைக்க உட்கார வைக்க மாட்டேன்.

நீ கம்பெனிக் கணக்கு பார்க்கிறவன். வேலைக் கடிதத்தை உனக்கு அனுப்பச் சொல்லியிருக்கிறேன். திடீரென்று மூடினால் எத்தனை மாதச் சம்பளம் தருவார்கள், மூடும் அதிகாரம் பெங்களூரில் இருக்கிறதா வெளிநாட்டிலா, பெரிய கம்பெனி எத்தனை வருஷத்துக்குப் பணம் போட ஒப்புக்கொண்டிருக்கிறது, இவற்றைப் பார்த்துச் சொல். ஜூன் 10-க்குள் அவன் பதில் கொடுக்க வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை அவனுக்கு ஒரு போன் போடு. மாமா கேட்டால் மனசில் இருப்பதைச் சொல்லிவிடுவான். நான் பயப்படுவதாக மட்டும் சொல்லிவிடாதே.

அன்புடன்,
உன் மாப்ள