கரையும் பையும் உன் டீலர்ஷிப்பும்

அன்புள்ள செல்வம்,

இத்தனை நாள் பதில் போடாததற்குத் திட்டு, வாங்கிக்கொள்கிறேன். வீட்டில் எல்லோரும் நலம். சின்னவளுக்குத் திருச்சியிலேயே வேலை கிடைத்துவிட்டது. மற்றதெல்லாம் நேரில். இப்போது, தண்ணீரில் கரையும் கடைப்பைக்கு டீலர்ஷிப் எடுக்கலாமா என்று நீ கேட்டாயே, அந்த விஷயம்தான் அவசரம்.

நீ அனுப்பிய வீடியோ பழையது. 2018 ஜூலையில் சிலியின் சான்டியாகோவில் ரொபெர்த்தோ அஸ்தெத்தேயும் கிறிஸ்தியான் ஒலிவாரெஸும் கடைப்பையைத் தண்ணீரில் கரைத்து, அதைக் குடித்தும் காட்டினார்கள். அங்கே கடைகளில் பிளாஸ்டிக் பைக்குத் தடை வரவிருந்த சமயம். நம் சந்தானம் மெஸ் ரசத்தைக் குடித்தவனுக்கு இதெல்லாம் சாகசமா? பை செய்த சரக்கு பாலிவினைல் ஆல்கஹால் என்ற, தண்ணீரில் கரையும் பிளாஸ்டிக். மாத்திரையின் மேல்பூச்சிலும் கண் சொட்டு மருந்திலும் இருப்பதுதான். ஜெர்மன்காரர்கள் 1924இலேயே கண்டுபிடித்துவிட்டார்கள். 'சுண்ணாம்புக்கல்லிலிருந்து வருகிறது' என்று உன் ஏஜென்ட் சொன்னானே, அது பாதி நிஜம். சுண்ணாம்பையும் கரியையும் உலையில் சுட்டால் கார்பைடு, மாம்பழம் பழுக்கவைக்கிற அதே கல். அதிலிருந்து அசிட்டிலீன், அப்புறம் வினைல் அசிட்டேட், கடைசியில் இது. சீனாவில் பெரும்பாலும் இந்த வழிதான். கரி வேண்டும், கரண்ட்டும் ஏகமாக வேண்டும்.

சரி, இது போகட்டும். என் பயம் வேறு. ரசத்தில் போட்ட உப்பு கண்ணுக்குத் தெரியாது, ஆனால் ரசத்தில்தானே இருக்கிறது? பையும் அப்படித்தான். கரைந்த பிறகும் அதன் மூலக்கூறான நீளமான கார்பன் சங்கிலி அறுபடாமல் தண்ணீருக்குள்ளேயே கிடக்கும். அதைத் தின்னும் பாக்டீரியா உண்டு, ஆனால் அது நன்றாகப் பழகியிருப்பது கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையங்களில். நம் ஊர்ச் சாக்கடை எங்கே போய்ச் சேர்கிறது என்று உனக்கே தெரியும். சோப்பை அடைத்து வாஷிங் மெஷினில் போடும் சலவைக் காப்ஸ்யூலின் உறையும் இதே சரக்குதான். அதில் முக்கால் பங்கு சிதையாமலே வெளியே போகிறது என்று 2021இல் அமெரிக்காவில் ஓர் ஆய்வு கணக்குப் போட்டது. சோப்புக் கம்பெனிக்காரர்கள் அதை ஒப்புக்கொள்ளவில்லை. சண்டை இன்னும் ஓடுகிறது. அந்தச் சண்டை முடிவதற்குள் நீ ஏன் பணத்தைப் போடவேண்டும்?

அப்புறம் உன் ஊர் தூத்துக்குடி! மீன் வாங்கிய பை வீடு வந்து சேருமா? எல்லாப் பையும் ஒரே மாதிரி கரையாது. தயாரிப்பின் கடைசிப் படியில் அசிட்டேட்டை ஆல்கஹாலாக மாற்றுவதுதான் ஹைட்ராலிசிஸ். அது 88 சதவீதம் ஆன ரகம் பச்சைத்தண்ணீரிலேயே கரையும். 98, 99 ஆனதற்கு நல்ல வெந்நீர் வேண்டும். எந்த ரகம் என்று ஏஜென்டைக் கேட்டாயா? முதல் ரகமென்றால் கடல் காற்றிலேயே குடோனில் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். விற்றே தீருவேன் என்றால் ஆஸ்பத்திரிகளுக்கு விற்றுப்பார். தொற்றுள்ள துணியை இந்த மாதிரிப் பையில் கட்டி, கை படாமல் அப்படியே சலவை மெஷினுக்குள் போடுவார்கள். அது உருப்படியான உபயோகம்.

எனக்கு உண்மையில் தூக்கம் கெட்டது ஜப்பான் சங்கதியால். ரிக்கென் ஆய்வகத்தில் தாகுஸோ ஐதா குழு 2024 நவம்பரில் 'சயின்ஸ்' இதழில் எழுதியது. உணவில் சேர்க்கும் சோடியம் ஹெக்ஸாமெட்டாஃபாஸ்ஃபேட்டையும் குவானிடினியம் என்ற நைட்ரஜன் உள்ள உப்பு ஒன்றையும் தண்ணீரில் கலக்கிறார்கள். இரண்டும் எதிரெதிர் மின்னேற்றத்தால் பிடித்துக்கொண்டு, உலர்ந்ததும் கெட்டிப் பிளாஸ்டிக் ஆகின்றன. கடல்நீரில் போட்டால் அதிலுள்ள உப்பு அந்தப் பிடியை விடுவித்துவிடுகிறது. பொருள் முதலில் இருந்த சிறு மூலக்கூறுகளாகவே பிரிந்துபோகிறது, அவற்றை பாக்டீரியா தின்னும். மண்ணில் புதைத்ததும் சுமார் பத்து நாளில் மறைந்தது. விட்டுச்செல்வது பாஸ்பரஸும் நைட்ரஜனும். ஈரத்தில் பயன்படுத்த மேலே பூச்சு வேண்டும், அந்தப் பூச்சும் பிளாஸ்டிக்தான் என்பது எனக்கு உறுத்துகிறது. கடைக்கு வரும் நிலையிலும் இல்லை. இருந்தாலும் சங்கிலியையே பிரியும்படி கட்டவேண்டும் என்று யோசித்தானே மனுஷன், அடடா! கல்லூரியில் பாலிமர் பேப்பரில் நாம் எழுதிய விடைகளை நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

ஏஜென்டிடம் ரகம் என்ன, எங்கே எவ்வளவு நாளில் சிதையும் என்று சோதனை அறிக்கை கேள். வீடியோவைக் காட்டினால் எழுந்து வந்துவிடு. அட்வான்ஸ் கொடுத்துவிட்டாயா இல்லையா? அதை மட்டுமாவது உடனே எழுது. மதினிக்குத் தெரியுமா என்பதையும்.

உன்,
கணேசன்